கடன் கொடுத்தவர்களும் காமராஜரும்

சிவகாசியை அடுத்து விஸ்வநத்தம் என்ற ஊர் இருக்கிறது. சுற்றிலும் வானம் பார்த்த பூமி. விவசாயத்தை மட்டும் நம்பி அங்கே குடும்பம் நடத்த இயலாது. தீப்பெட்டியும் பட்டாசும் அச்சுத் தொழிலுமே அவ்வட்டாரத்து ஜனங்களுக்குச் சோறு போட்டு வருகின்றன. தீக்குச்சி மருந்துக்கும் பட்டாசு மருந்துக்கும் கந்தகம் வேண்டும். வெட்டி எடுக்கத்தக்க கந்தகம் நம் தேசத்துப் பூமியில் இல்லை. பொட்டாசிய உப்புக்களின் மூலச் சரக்கும் அப்படியே, கப்பலேறித்தான் வரவேண்டும். 1966ம் வருஷம் ஜூன் மாதம் 5ந் தேதி வரையில் ஒரு டாலர் பெறுமான சரக்குக்கு 4 ரூபாய் 76 பைசா கொடுத்தால் போதும் என்றிருந்தது. மறுநாள் முதல் அதே சரக்குக்கு 7 ரூபாய் 50 பைசா கொடுக்க வேண்டியதாயிற்று. விஸ்வநத்தத்தில் குச்சி அடுக்கும் பெண்ணையோ, பெட்டி ஒட்டும் சிறுவனையோ இதைப் பற்றி எவரும் கேட்கவில்லை என்பதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. ஆனால், அந்த ஊரிலிருந்து முப்பது கிலோமீட்டருக்குள் பிறந்து வளர்ந்த ஒருவர் அப்பொழுது தேசத்தை ஆண்ட கட்சியின் தலைவராக இருந்தார். அவரையும் முன்கூட்டிக் கலந்து ஆலோசிக்கவில்லை. அவர்தான் காமராஜர்.

காமராஜரின் ஜீவிய சரித்திரம் தமிழ் மக்களுக்குப் புதிதன்று. அவர் திறந்த பள்ளிக்கூடங்களையும், சிறையில் கழித்த வருஷங்களையும், இரண்டு பிரதம மந்திரிகள் பதவிக்கு வர அவர் காரணமாயிருந்ததையும் சிறு பிள்ளைகளும் அறிவார்கள். வெளிநாட்டுக் கடன் என்னும் விஷயம் அவருடைய வாழ்க்கையில் குறுக்கிட்ட விதம் மட்டும் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. உலக பாங்கும் சர்வதேச நிதி நிறுவனமும் ஒரு தேசத்தின் நெருக்கடியில் என்ன செய்கின்றன என்று அறிய விரும்புவோர் தூர தேசங்களைப் பார்க்க வேண்டியதில்லை. விருதுநகர்க்காரர் ஒருவரின் சரித்திரத்தைப் படித்தாலே போதும். அந்தப் பகுதியையே இன்று நாம் எடுத்துக்கொள்கிறோம்.

அவர் பிறந்தது 1903ம் வருஷம் ஜூலை 15ந் தேதி. ஊருக்கு அப்பொழுது விருதுபட்டி என்று பெயர். தந்தை குமாரசாமி நாடார், தாயார் சிவகாமி அம்மாள். குழந்தைக்கு ஆறு வயதாகும் முன்னரோ பின்னரோ தகப்பனார் காலமாகிவிட்டார். தாயார் தம்முடைய நகைகளை விற்று, வந்த பணத்தை உள்ளூர் வியாபாரி ஒருவரிடம் கொடுத்து வைத்து, அதிலிருந்து மாதந்தோறும் வந்த வட்டியைக் கொண்டு மகனையும் மகளையும் காப்பாற்றினார். கடனும் வட்டியும் நம்பிக்கையும் அந்த வீட்டில் ஏட்டுப் படிப்பாக இருந்ததில்லை. பணத்தை வாங்கிக்கொண்ட வியாபாரி அதே தெருக்களில் நடப்பவர். கொடுத்த அம்மாளும் அங்கேயே இருப்பவர். ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் இருக்க முடியாது.

விருதுநகரின் வியாபார முறையையும் இங்கே சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பருத்தி, மிளகாய், எண்ணெய், தானியம் ஆகியவை கைமாறும் சந்தை அது. அங்கே வியாபாரிகள் மகமை என்று ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். சரக்கு விற்கும்பொழுதெல்லாம் அதன் அளவுக்கேற்ப ஒரு சிறு பங்கைப் பொது நிதிக்கு ஒதுக்கிவிட வேண்டும். அந்த நிதியை உறவின்முறை நிர்வகிக்கும். முறைகாரர்கள் என்போர் முறை வைத்து மாறி மாறிப் பொறுப்பேற்பார்கள். இவ்வாறு சேர்ந்த பணத்திலிருந்துதான் வண்டிப்பேட்டைகளும் கிணறுகளும் பள்ளிக்கூடங்களும் தோன்றின. காமராஜர் படித்த க்ஷத்திரிய வித்தியாசாலையும் அத்தகையதே. வீட்டுக்கு வீடு சோறு சமைக்கும் முன் ஒரு பிடி அரிசியை எடுத்து வைத்து, அதைச் சேர்த்து விற்று நடத்திய பள்ளிக்கூடம் ஆதலால் பிடியரிசிப் பள்ளிக்கூடம் என்றே அதற்குப் பெயர் வழங்கிற்று. ஒரு சமூகத்தார் தமக்குள் செய்துகொண்ட ஏற்பாடு அது. ஊரார் எல்லோருக்கும் அதில் சம பாத்தியதை இருந்ததாக நாம் சொல்ல வரவில்லை. ஆனால் பணம் கொடுத்தவன், பணத்தை நிர்வகித்தவன், அதனால் பயன் பெற்றவன் ஆகிய மூவரும் ஒரே ஊரில் இருந்தார்கள். கணக்குக் கேட்க வேண்டுமானால் நடந்து போய்க் கேட்கலாம்.

சிவகாசித் தொழில்களின் ஆரம்பமும் இதே மாதிரிதான். அய்ய நாடார், சண்முக நாடார் என்ற இரண்டு இளைஞர்கள் 1920களின் துவக்கத்தில் கல்கத்தாவுக்குச் சென்று தீப்பெட்டி செய்யும் வித்தையைக் கற்றுத் திரும்பினார்கள். தூத்துக்குடியில் 1921ம் வருஷம் நாடார் பாங்கு ஏற்பட்டது. இன்று அதற்குத் தமிழ்நாடு மெர்க்கன்டைல் பாங்கு என்று பெயர். குடும்ப முதலும், உள்ளூர்க் கடனும், கைத்திறனும் சேர்ந்து வளர்ந்த தொழில் அது. இப்படிப்பட்ட சீமையில் பிறந்த சிறுவன், ஆறாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு, மாமன் கருப்பையா நாடாரின் ஜவுளிக் கடையில் உட்கார்ந்தான். கடைக் கணக்கைவிடக் காங்கிரஸ் பேச்சே அவனுக்கு உவப்பாயிருந்தது. திருவனந்தபுரத்தில் இன்னொரு மாமனின் மரக்கடைக்கு அனுப்பிப் பார்த்தார்கள். அங்கே போனவன் வைக்கம் சத்தியாக்கிரகத்தில் ஈடுபட்டான். கல்யாணப் பேச்சும் பலிக்கவில்லை.

அதற்குப் பின் நடந்தவற்றைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். 1930ல் வேதாரணியம் உப்பு சத்தியாக்கிரகம். அதற்காக அலிப்புரம் சிறை. 1933ல் விருதுநகர் வெடிகுண்டு வழக்கு; அதில் குற்றம் ருசுவாகவில்லை. 1940ல் தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டித் தலைவர் பதவி. அந்த வருஷமே மீண்டும் கைது. சிறையிலிருக்கும்பொழுதே 1941ல் விருதுநகர் நகரசபைத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். வெளியே வந்ததும், முழு நேரமும் கவனிக்க முடியாத பதவியை வைத்துக்கொள்வது முறையன்று என்று ராஜினாமாச் செய்தார். 1942 ஆகஸ்டுப் போராட்டத்தில் பிடிபட்டு, 1945 வரை அமராவதி முதலிய சிறைகளில் இருந்தார். மொத்தத்தில் ஏறக்குறைய 9 வருஷங்கள் சிறைவாசம்.

அவர் சிறையில் அடைபட்டிருந்த காலத்தில், 1944 ஜூலை மாதத்தில், அமெரிக்காவில் பிரெட்டன்வுட்ஸ் என்ற மலை வாசஸ்தலத்தில் 44 தேசங்களின் பிரதிநிதிகள் கூடினார்கள். சர்வதேச நிதி நிறுவனமும் உலக பாங்கும் அங்கேதான் உருவாயின. இந்தியாவின் சார்பில் சென்ற கோஷ்டிக்குத் தலைவர் ஜெரமி ரெய்ஸ்மன் என்ற ஆங்கிலேயர். கோயம்புத்தூர் ஆர். கே. சண்முகம் செட்டியாரும், சி. டி. தேஷ்முக்கும், ஏ. டி. ஷ்ராபும் அக்கோஷ்டியில் இருந்தனர். அன்று இந்தியா கடன்காரத் தேசமன்று, கடன் கொடுத்த தேசம் என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். யுத்தச் செலவுக்காக பிரிட்டன் இந்தியாவுக்குக் கொடுக்க வேண்டியிருந்த ஸ்டெர்லிங் பாக்கி, யுத்தம் முடிந்த சமயத்தில் நூறு கோடிப் பவுனுக்கு மேல் இருந்தது. நம் ஜனங்கள் வயிற்றைக் கட்டிச் சேர்த்த பணம் அது. வங்காளத்துப் பஞ்சமும் அந்தக் கணக்கில் அடங்கியதே. அந்தப் பாக்கியைப் பற்றி மகாநாட்டில் பேச வேண்டும் என்று நம்மவர்கள் கேட்டார்கள். பிரிட்டனின் பிரதிநிதியான கெயின்ஸ் பிரபு அது தங்களுக்கும் இந்தியாவுக்கும் இடையேயுள்ள விவகாரம் என்று ஒதுக்கிவிட்டார். பெரிய கடன்காரன் தன் கடனைப் பற்றி எங்கே பேசலாம், எங்கே பேசக்கூடாது என்று தானே தீர்மானிக்க முடிந்தது. சிறிய கடன்காரனுக்கு அந்தச் சௌகரியம் என்றும் கிடைத்ததில்லை.

நிதி நிறுவனத்தில் ஒவ்வொரு தேசமும் செலுத்தும் பங்குக்குத் தக்கபடி ஓட்டு. மொத்தம் 880 கோடி டாலரில் அமெரிக்காவின் பங்கு 275 கோடி, பிரிட்டனின் பங்கு 130 கோடி, இந்தியாவின் பங்கு 40 கோடி. ஆளுக்கு ஓர் ஓட்டு என்ற தத்துவத்துக்கு அங்கே இடமில்லை. பங்கு வைத்து நடத்தும் கம்பெனியின் தோரணைதான்.

1949 ஆகஸ்டில் இந்தியா உலக பாங்கிடம் முதல் கடனை வாங்கிற்று. ரெயில்வேக்காக 3 கோடி 40 லக்ஷம் டாலர். அது பெரிய சுமையன்று. ஸ்டெர்லிங் பாக்கி கையில் இருக்கும் வரையில் நமக்கு எவருடைய தயவும் வேண்டியிருக்கவில்லை. இரண்டாவது ஐந்தாண்டுத் திட்டத்தின் யந்திரங்களையும் இரும்பையும் வாங்கத் தொடங்கியதும் அந்தச் சேமிப்பு வெகு வேகமாகக் கரைந்தது. 1957ல் நிதி நிறுவனத்திடம் 20 கோடி டாலர் வாங்கினோம். 1958 ஆகஸ்டில் உலக பாங்கு முன்னின்று அமெரிக்கா, பிரிட்டன், மேற்கு ஜெர்மனி, ஜப்பான், கனடா ஆகிய தேசங்களைக் கூட்டி இந்திய உதவிக் கூட்டு ஒன்றை ஏற்படுத்திற்று. தனித்தனியாகக் கடன் கொடுத்து வந்தவர்கள் ஒரே மேஜையைச் சுற்றி உட்காரத் தொடங்கினார்கள். கிராமத்தில் நாலு லேவாதேவிக்காரர்கள் நாலு தெருவில் இருந்தால், ஒருவர் மறுத்தாலும் இன்னொருவரிடம் போகலாம். நால்வரும் ஒரே திண்ணையில் கூடிவிட்டால் குடியானவன் என்ன செய்வான்?

காமராஜர் 1954 ஏப்ரல் 13ந் தேதி சென்னை ராஜ்யத்தின் முதன் மந்திரியானார். 1963 அக்டோபர் 2ந் தேதி வரை அப்பதவியில் இருந்தார். அவர் அந்நியப் பணத்தைத் தீண்டாதவர் என்று யாரும் எண்ண வேண்டாம். நெய்வேலி அனல் மின்சார நிலையத்துக்கு ரஷ்ய உதவி, குந்தா மின்சாரத் திட்டத்துக்குக் கனடாவின் உதவி, திருச்சி கொதிகலன் தொழிற்சாலைக்கு செக்கோஸ்லோவாக்கியாவின் உதவி, கிண்டி அறுவை ஆயுதத் தொழிற்சாலைக்கு மீண்டும் ரஷ்ய உதவி. இவற்றையெல்லாம் வரவேற்றவர் அவர். சிலவற்றைத் தமிழ் நாட்டுக்குக் கொண்டுவர டில்லியில் வாதாடியவர். ஆனால் இவையெல்லாம் கண்ணால் காணத்தக்க காரியங்கள். கடன் வாங்கினால் அணை இருக்கும், சுரங்கம் இருக்கும், யந்திரம் இருக்கும். அந்த வருமானத்திலிருந்து கடனைத் திருப்பலாம். கடன் கொடுத்தவன் யந்திரத்தைப் பற்றிப் பேசினானேயன்றி, சென்னை ராஜ்யத்தில் அரிசி என்ன விலை விற்க வேண்டும் என்று பேசவில்லை.

தமது பெயரை நிலைநாட்டிய காரியத்தையோ அவர் வெளியூர்ப் பணத்தைக் கொண்டு தொடங்கவேயில்லை. மதிய உணவுத் திட்டம் 1956ல் எட்டயபுரத்தில் ஆரம்பமாயிற்று. முதலில் ஊராரின் நன்கொடையில் அடுப்பு மூட்டினார்கள். சர்க்கார் பணம் பின்னால் வந்து சேர்ந்தது. கல்வி இலாகாத் தலைவர் நெ. து. சுந்தரவடிவேலு முன்னின்று நடத்திய பள்ளிச் சீரமைப்பு மகாநாடுகளில் பெஞ்சும் கரும்பலகையும் நிலமும் கட்டிடமும் கிராமத்தார் கொடுத்தவை. பிடியரிசிப் பள்ளிக்கூடத்துப் பையன் ராஜ்யம் முழுவதற்கும் பிடியரிசி எடுத்தான் என்று நாம் சொன்னால் மிகையாகாது. இம்முறை அதில் ஜாதி வேலி இல்லை என்பதுதான் வித்தியாசம்.

1963ல் மூத்த மந்திரிகள் பதவியை விட்டுக் கட்சி வேலைக்குச் செல்ல வேண்டும் என்ற திட்டத்தைச் சொல்லி, தாமே முதலில் விலகினார். 1964 ஜனவரியில் புவனேசுவரத்தில் காங்கிரஸ் தலைவராக வீற்றிருந்தார். அவ்வருஷம் மே 27ந் தேதி நேரு மறைந்தபொழுது லால் பகதூர் சாஸ்திரியையும், 1966 ஜனவரியில் சாஸ்திரி தாஷ்கண்டில் மறைந்தபொழுது இந்திரா காந்தியையும் பிரதம ஸ்தானத்துக்குக் கொண்டுவந்ததில் அவருடைய கை பெரிதாக இருந்தது. ஆங்கிலமும் ஹிந்தியும் சரளமாகப் பேசாத ஒருவர் டில்லியில் அடைந்த அந்த ஸ்தானம் தமிழர்களுக்கு அளவற்ற பெருமையைத் தந்தது. அதன் எல்லை எது என்பது ஐந்தே மாதங்களில் தெரிந்துவிட்டது.

தேசத்தின் நிலைமை அப்பொழுது எப்படி இருந்தது? 1962ல் சீனாவோடு சண்டை. 1965ல் பாகிஸ்தானோடு சண்டை. அந்த 1965 செப்டம்பரில் அமெரிக்கா உதவியை நிறுத்திவிட்டது. அவ்வருஷமே மழை பொய்த்தது. 1964-65ல் சுமார் 8 கோடி 90 லக்ஷம் டன்னாக இருந்த தானிய விளைவு, 1965-66ல் 7 கோடி 20 லக்ஷம் டன்னாகச் சரிந்தது. 1966ல் ஒரு கோடி டன்னுக்கு மேல் தானியம் இறக்குமதி செய்தோம். அதில் பெரும் பகுதி அமெரிக்கக் கோதுமை. கப்பல்களை ஒரேயடியாக அனுப்பாமல், மாதத்துக்கு மாதம் பார்த்துப் பார்த்து அனுப்பும் தந்திரத்தை ஜனாதிபதி ஜான்சன் கையாண்டார். துறைமுகத்தில் இறங்கும் மூட்டை நேரே வயிற்றுக்குப் போகும் நிலைமை.

இதற்கிடையில் உலக பாங்கு 1964ல் பெர்னார்டு பெல் என்பவரின் தலைமையில் ஒரு நிபுணர் கோஷ்டியை இங்கே அனுப்பியிருந்தது. ரூபாயின் மதிப்பைக் குறைக்க வேண்டும், இறக்குமதிக் கட்டுப்பாடுகளைத் தளர்த்த வேண்டும், விவசாயத்துக்கு முதலிடம் தர வேண்டும் என்று அக்கோஷ்டி சொல்லிற்று. கடைசி யோசனையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. முதல் யோசனையை நிதி மந்திரி டி. டி. கிருஷ்ணமாச்சாரி கடுமையாக எதிர்த்தார். அவர் வேறொரு தகராறு காரணமாக 1965 டிசம்பர் முடிவில் பதவி விலகினார், தடையும் நீங்கிற்று. உணவு மந்திரி சி. சுப்பிரமணியமும், திட்ட மந்திரி அசோக் மேத்தாவும் மதிப்புக் குறைப்பு தவிர்க்க முடியாதது என்ற கக்ஷியில் இருந்தார்கள். 1966 வசந்த காலத்தில் அசோக் மேத்தா வாஷிங்டனுக்குச் சென்று உலக பாங்கின் தலைவர் ஜார்ஜ் உட்ஸோடு பேசினார். வருஷத்துக்கு 90 கோடி டாலர் வரும், அதுவும் குறிப்பிட்ட திட்டத்துக்கென்று கட்டுப்படாமல் வரும் என்ற நம்பிக்கை பிறந்தது. நிதி நிறுவனமும் அதே பாதையைக் காட்டிற்று.

நிதி மந்திரி சசீந்திர சௌதுரி அறிவித்தபடி 1966 ஜூன் 6ந் தேதி முதல் ரூபாயின் தங்க மதிப்பு நூற்றுக்கு 36½ குறைந்தது. மேலோட்டமாகப் பார்ப்பவர் விலை 36½ பங்குதானே ஏறும் என்று நினைப்பார். அது தவறான கணக்கு. 4.76 ரூபாய் 7.50 ஆவது நூற்றுக்கு 57½ ஏற்றம். பவுன் 13 ரூபாய் 33 பைசாவிலிருந்து 21 ரூபாயாயிற்று. வரும் சரக்குக்கு மட்டுமல்ல, ஏற்கனவே டாலரிலும் பவுனிலும் வாங்கியிருந்த கடன்களுக்கும் இதே ஏற்றம். ஒரு பைசாக்கூடப் புதிதாக வாங்காமல், ஒரே இரவில், பழைய கடன் ரூபாய்க் கணக்கில் ஒன்றரை மடங்குக்கு மேல் உயர்ந்துவிட்டது.

விஸ்வநத்தத்துக் கணக்கையும் போட்டுப் பார்ப்போம். வெளிநாட்டிலிருந்து நூறு ரூபாய்க்கு வந்த கந்தகம் இப்பொழுது சுமார் 157 ரூபாய். தீப்பெட்டியோ பைசாக் கணக்கில் விற்கும் சரக்கு. மூலப் பொருள் ஏறியதென்று பெட்டி விலையை உடனே ஏற்ற முடியாது. ஏற்றினால் வாங்குகிறவன் முகம் சுளிப்பான், போட்டிக்காரன் முந்திக்கொள்வான். முதலாளி எங்கே கை வைப்பான்? குரோஸ் கணக்கில் கூலி வாங்குகிறவளின் கூலியை உயர்த்தாமல் நாளைக் கடத்துவான். அரிசி விலை ஏறிக்கொண்டிருக்கும் வருஷத்தில் கூலி உயராமல் இருப்பதும் கூலி குறைவதும் ஒன்றே.

காமராஜருக்கு ஏற்பட்ட கோபம் ஊரறிந்தது. கட்சிக்குள்ளும் பலத்த கண்டனம் எழுந்தது. தாம் பதவிக்குக் கொண்டுவந்த மந்திரிசபை, தாம் தலைமை வகிக்கும் கட்சியைக் கேளாமல், இவ்வளவு பெரிய காரியத்தைச் செய்துவிட்டதே என்பது அவருடைய மனத்தை உறுத்திற்று. அவர் பொருளாதார சாஸ்திரியல்லர். மதிப்புக் குறைப்பினால் ஏற்றுமதி எவ்வளவு பெருகும் என்று கணக்கிட்டு அவர் எதிர்த்ததாக நாம் சொல்ல மாட்டோம். எட்டு மாதத்தில் பொதுத் தேர்தல் வருகிறது. ஜனங்களிடம் போய் நிற்க வேண்டியவர்கள் கட்சிக்காரர்கள். உலக பாங்கின் தலைவர் எந்தத் தொகுதியிலும் நிற்கப் போவதில்லை. இதுதான் அவருக்குத் தெரிந்த பொருளாதாரம்.

எதிர்க் கக்ஷியின் நியாயத்தையும் மறைக்கலாகாது. 1949 முதல் மாறாதிருந்த 4.76 என்ற விகிதம் உள்நாட்டு விலைவாசிக்கு ஒவ்வாததாக ஆகிவிட்டிருந்தது உண்மை. இறக்குமதி லைசென்ஸ் கைவசமுள்ளவர்கள் அதையே ஒரு சொத்தாக வைத்துக் கொழுத்தார்கள். இது தர்மமான ஏற்பாடு என்று யார் சொல்ல முடியும்? என்றாவது ஒரு நாள் விகிதத்தை மாற்றத்தான் வேண்டியிருந்தது. நாம் குறை காண்பது காலத்தையும் முறையையுமே. மழை பொய்த்த வருஷத்தில் செய்தார்கள். அடுத்த பருவமும் பொய்த்தது. ஏற்றுமதிக்குக் கொடுத்து வந்த சலுகைகளை அதே சமயத்தில் எடுத்துவிட்டு, சணல், தேயிலை முதலியவற்றின்மீது ஏற்றுமதி வரியும் போட்டார்கள். முதல் வருஷத்தில் டாலர்க் கணக்கில் ஏற்றுமதி வருமானம் ஏறவில்லை, இறங்கிற்று. வாக்களித்த 90 கோடி டாலரோ முதல் வருஷத்துக்கு ஒப்புக்கொள்ளப்பட்டது. பின் வந்த வருஷங்களில் அந்த அளவுக்கு வரவில்லை. நிபந்தனையை முதலில் நிறைவேற்றிவிட்டுப் பணத்துக்குக் காத்திருந்தோம். விருதுநகர் மிளகாய் வியாபாரி எவரும் இப்படிப் பேரம் முடித்திருக்க மாட்டார்.

1967 பிப்ரவரியில் தேர்தல் வந்தது. லோக்சபையின் 520 ஸ்தானங்களில் காங்கிரஸுக்கு 283 தான் கிடைத்தன. சென்னை ராஜ்யத்தில் ஆட்சியே கைமாறிற்று. அரிசிப் பஞ்சமும், 1965ல் ஹிந்தியை எதிர்த்து மாணவர்கள் நடத்திய கிளர்ச்சியை ஒடுக்கிய விதமும் அதற்கு முதற் காரணங்கள். ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்ற கோஷம் ஒவ்வொரு தெருவிலும் கேட்டது. மதிப்புக் குறைப்பு அதற்கு அடுத்தபடியாகத்தான் வரும். ஆனால் விலைவாசி என்ற ஒரே மூட்டைக்குள் எல்லாம் அடங்கிவிட்டன. எந்த விலை மழையினால் ஏறிற்று, எந்த விலை வாஷிங்டனில் பேசியதனால் ஏறிற்று என்று ஓட்டுச் சீட்டில் பிரித்துக் குத்த முடியாதல்லவா? விருதுநகர்த் தொகுதியில், தாம் பிறந்த ஊரில், காமராஜர் 1,285 ஓட்டு வித்தியாசத்தில் பெ. சீனிவாசன் என்ற மாணவர் தலைவரிடம் தோற்றார். மதிப்புக் குறைப்பை ஆதரித்த சி. சுப்பிரமணியமும் அத்தேர்தலில் தோற்றார். ஆதரித்தவருக்கும் எதிர்த்தவருக்கும் ஜனங்கள் ஒரே தீர்ப்பை அளித்தார்கள். கடன் கொடுத்தவர்களைத் தோற்கடிக்க வழி ஏது?

தோல்வியை அவர் மறுக்கவுமில்லை, ஜனங்களைக் குறை கூறவுமில்லை. 1969 ஜனவரியில் நாகர்கோவிலில் நடந்த உபதேர்தலில் வென்று லோக்சபைக்குச் சென்றார். அவ்வருஷமே காங்கிரஸ் இரண்டாகப் பிளந்தது. தாம் பிரதமராக்கிய அம்மையார் ஒரு பக்கம், தாம் மறு பக்கம். 1971ல் மீண்டும் நாகர்கோவில் அவரைக் கைவிடவில்லை. 1975 அக்டோபர் 2ந் தேதி, அவசர நிலைப் பிரகடனம் அமலில் இருந்த நாளில், சென்னையில் காலமானார். வாடகை வீடு, சில வேட்டி சட்டைகள், புத்தகங்கள், நூற்றுச் சொச்சம் ரூபாய். இவ்வளவே அவர் விட்டுச் சென்றவை.

அவருக்குப் பின்னும் கதை தொடர்ந்தது. 1991ல் இந்தியா மறுபடியும் நெருக்கடியில் சிக்கி, மே மாதத்தில் 20 டன்னும் ஜூலையில் சுமார் 47 டன்னும் தங்கத்தை வெளிநாட்டுக்கு அனுப்பிப் பணம் திரட்டிற்று. நிதி நிறுவனத்தின் நிபந்தனைகளோடு ஜூலை முதல் வாரத்தில் ரூபாயின் மதிப்பும் குறைந்தது. 1998ல் இந்தோனேசியாவில், நிதி நிறுவனத்தோடு செய்த ஒப்பந்தத்தின்படி மண்ணெண்ணெய், பெட்ரோல் விலைகளை மே மாதத்தில் உயர்த்தியதும் கலகம் மூண்டு, 32 வருஷ ஆட்சி சரிந்தது. பக்கத்து மலேசியா அந்தக் கடனை வேண்டாமென்று விட்டு, தன் நாணயத்துக்குத் தானே வேலி கட்டிப் பிழைத்தது. இந்தியா நிதி நிறுவனத்துக்குக் கொடுக்க வேண்டிய பாக்கி 2000ம் வருஷத்தில் அடியோடு தீர்ந்தது. பிரெட்டன்வுட்ஸ் நாளில் இருந்ததுபோல் நாம் இன்று மீண்டும் கொடுக்கும் கக்ஷியில் இருக்கிறோம்.

2022 ஏப்ரலில் இலங்கை வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாதென்று அறிவித்தது. அவ்வருஷம் இந்தியா அதற்குச் சுமார் 400 கோடி டாலர் அளவுக்குக் கை கொடுத்தது. 2023 மார்ச்சில் நிதி நிறுவனம் சுமார் 300 கோடி டாலர் கடனுக்கு இசைந்தது. அந்த இசைவுக்காகப் பேச்சு நடந்துகொண்டிருந்த 2022 ஆகஸ்டில் அங்கே மண்ணெண்ணெய் லிட்டர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயாயிற்று. யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் மண்ணெண்ணெய் யந்திரம் பூட்டிய சிறு படகுகளில் கடலுக்குப் போகும் மீனவர்களை எவரும் கலந்து ஆலோசித்ததாகத் தெரியவில்லை. நிதி நிறுவனத்தின் நிர்வாக சபையில் இந்தியாவுக்கு ஓர் ஆசனம் உண்டு. இலங்கை, வங்காள தேசம், பூட்டான் ஆகிய மூன்றுக்காகவும் அந்த ஆசனத்தில் இருப்பவரே பேசுகிறார். இலங்கையின் தவணைகள் விவாதத்துக்கு வரும் ஒவ்வொரு முறையும் அவர் கையில் இருக்கும் தஸ்தாவேஜுகளில் மன்னார்க் கரையின் மண்ணெண்ணெய்க் கணக்கும் இருக்கிறதா என்று நமது பார்லிமெண்டு அங்கத்தினர்கள் நிதி மந்திரியைக் கேட்க வேண்டும்.